மேடையில் பேசியது மறுநாள் மடுவத்தில் மிஞ்சுகிறதா?

(கண்டியில் நடந்த தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவியர் பயிற்சி நாளின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை. பேசியபடியே தரப்படுகிறது.)



சாப்பாட்டுக்குப் பிறகு பேசுவது ஆபத்தான வேலை. தெல்தோட்டை, ரங்கலை பக்கத்திலிருந்து வந்தவர்கள் இருட்டோடு எழும்பி பஸ் பிடித்திருப்பீர்கள். கண் சொக்கினால் சொக்கட்டும், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். பள்ளிக்கூடத்திலும் மதியம் கடைசிப் பாடம் எங்களுக்குத்தான் தருவார்கள், பழகிப்போய்விட்டது.

இன்று நமக்குத் தந்திருக்கும் விஷயம் நம்முடைய பேச்சு. சங்க வேலையில் பாதி பேச்சுத்தான். பிரட்டுக்களத்தில் பேசுகிறோம், மடுவத்தில் பேசுகிறோம், ஒப்பீசில் துரையோடு பேசுகிறோம், தொழில் திணைக்களத்தில் பேசுகிறோம், மே தினத்தில் பேசுகிறோம், சாவு வீட்டிலும் நம்மைத்தான் இரண்டு வார்த்தை சொல்லச் சொல்கிறார்கள். சட்டம் படிக்கிறோம், கணக்குப் படிக்கிறோம். பேச்சைப் பற்றி மட்டும் யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. அது தானாக வரும், வராதவனுக்கு வராது என்று விட்டுவிடுகிறோம்.

நாங்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு தோட்டத்தில் கூட்டம் நடந்தால், செவ்வாய் அல்லது புதன்கிழமை அந்தத் தோட்டத்து ஆட்கள் மூன்று பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்போம். தலைவரிடம் அல்ல, முன்வரிசையில் இருந்தவர்களிடமும் அல்ல. கொழுந்து நிறுத்துவிட்டுத் தலைத்துண்டை உதறிக்கொண்டு வருகிற யாராவது ஒரு அக்காவிடம். “ஞாயித்துக்கெழம கூட்டத்துல என்னக்கா பேசினாங்க?”

அநேகமாக வரும் பதில் இது: “நல்லா பேசினாங்க டீச்சர்.” சரி, என்ன பேசினார்கள்? “அதுதான், நம்ம உரிமையப் பத்தி… சம்பளத்தப் பத்தி… நல்லா சத்தமா பேசினாங்க.” அவ்வளவுதான். முக்கால் மணித்தியாலப் பேச்சில் மிஞ்சியது சத்தம்.

வேறு மாதிரியும் பதில் வரும். ஒரு கூட்டத்தில் ஊழியர் சேமலாப நிதியைப் பற்றிப் பேசினார்கள். அந்தப் பேச்சாளர் சட்டத்தின் பெயரையும் இலக்கத்தையும் சொல்லிவிட்டு அதோடு நிற்கவில்லை. 2024 செப்டெம்பரில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவை எடுத்துக்கொண்டார். “உங்க சம்பளத்தில் குறைந்தது 8 வீதம் பிடிக்க வேண்டும். அது 108 ரூபா. தோட்டம் தன் பங்குக்கு 12 வீதம் போட வேண்டும். அது 162 ரூபா. நீங்க ஒரு நாள் மலைக்குப் போனால் உங்க பேரில் 270 ரூபா போய்ச் சேர வேண்டும். 20 நாள் பேர் விழுந்தால் 5,400. உங்க துண்டை எடுத்துப் பாருங்க.” சொல்லிவிட்டு, எல்லோரும் துண்டை எடுத்துப் பார்க்கும் வரைக்கும் பேசாமல் நின்றார். அந்த வாரம் நாம் கேட்டபோது மூன்று பேரில் இரண்டு பேர் “270” என்றார்கள். ஒருவர் தன் மகளைக் கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்து, இரண்டு மாதத்துத் துண்டைக் கையில் வைத்திருந்தார்.

அந்தப் பேச்சாளர் பெரிய பேச்சாளர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குரலும் தடிப்பான குரல் அல்ல. ஆனால் அவர் பேச்சு மடுவம் வரைக்கும் வந்து சேர்ந்தது. கூட்டத்தில் விழுந்த கைதட்டலைக் கணக்கில் எடுக்காமல் இந்த அளவுகோலை வைத்துத்தான் நம் பேச்சை நாமே அளந்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். இன்றைக்குச் சொல்ல வந்ததும் இதுதான், மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

இது புதிய யோசனை ஒன்றும் அல்ல. நமக்கு முன்னால் இந்த மலையில் பேசியவர்களைப் பார்ப்போம்.

கோ. நடேசய்யர் தஞ்சாவூர்க்காரர், படித்தவர், பத்திரிகை நடத்தியவர். தோட்டத்துக்குள் வெளியாள் காலெடுத்து வைத்தால் அத்துமீறல் என்று பிடிக்கிற காலம் அது. அவர் புடவை வியாபாரியாக வேஷம் போட்டு லயங்களுக்குள் போனார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். நாம் இதைச் சொல்லும்போது அவருடைய துணிச்சலை மட்டும் சொல்லி விட்டுவிடுகிறோம். பேச்சு என்ற கண்ணோட்டத்தில் பாருங்கள். புடவை மூட்டையோடு ஒரு காம்பராவுக்குப் போகிறவன் என்ன செய்வான்? கேட்பான். என்ன விலை கட்டும், எவ்வளவு கடன், கங்காணி எவ்வளவு பிடிக்கிறான், பிள்ளைக்கு என்ன காய்ச்சல் – இதெல்லாம் அவன் காதில் விழும். மேடையில் ஏறுவதற்கு முன்னால் வாசற்படியில் உட்கார்ந்து கேட்ட மனிதர் அவர். 1931இல் ஹட்டனில் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபோது அவரிடம் சொல்ல விஷயம் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அவருடைய மனைவி மீனாட்சியம்மையைப் பற்றி நாம் இன்னும் குறைவாகத்தான் பேசுகிறோம். கூட்டங்களில் அவர் பாடினார். சனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டுகளில் சம்பளம், சட்டம், இந்தியத் தொழிலாளிக்கு நடக்கும் அநியாயம் என்று பாட்டுக் கட்டினார். ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்று 1940இல் சின்னப் புத்தகமாகவே அச்சடித்து வந்தது. எழுத்துத் தெரியாதவர் மெட்டுத் தெரிந்தவராக இருப்பார். மெட்டோடு போன செய்தி பீலிக்கரை வரைக்கும் போகும், இருட்டில் தொட்டில் ஆட்டும்போதும் வரும். நடேசய்யரும் ‘தொழிலாளர் அந்தரப் பிழைப்பு’ என்று நாடகம் எழுதினார். சட்டசபையில் பேசிய மனிதர் லயத்துக்கு நாடகம்தான் சரி என்று நினைத்திருக்கிறார். கேட்கிறவர் யார் என்று பார்த்துப் பேச்சின் வடிவத்தை மாற்றத் தெரிந்த ஆட்கள் அவர்கள்.

இன்னொரு கூட்டம் நம் கண்டிப் பக்கத்திலேயே நடந்தது. மடுல்கலையில் ரெலுகாஸ் தோட்டத்துக்கு மார்க் அந்தோனி பிரேஸ்கேர்டில் என்று ஓர் இளைஞன் வேலை பழக வந்தான். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவன். சின்னத்துரையாகப் பழகி, பின்னால் பெரிய துரையாக வேண்டியவன். தொழிலாளியின் பக்கம் சாய்கிறான் என்று தோட்டத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் லங்கா சமசமாஜக் கட்சியின் கூட்டம். இந்தியாவிலிருந்து கமலாதேவி சட்டோபாத்யாய வந்திருந்தார், என்.எம். பெரேரா இருந்தார், தோட்டத்துச் சனம் திரண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் இந்த வெள்ளைக்கார இளைஞன் எழும்பி, மலை மேல் தெரிந்த வெள்ளை பங்களாக்களைக் கையால் காட்டிப் பேசினான்.

ஏகாதிபத்தியம், சுரண்டல் என்ற சொற்களெல்லாம் அன்றைக்கும் இருந்தன. ஆனால் அந்தக் கைகாட்டலுக்குப் பிறகு விளக்கம் தேவைப்படவில்லை. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள், பங்களா அங்கே இருந்தது, அவரவர் லயமும் எங்கே இருக்கிறது என்று அவரவருக்குத் தெரியும். துரைமார் அதைப் பொறுக்கவில்லை. அதே மாதம் 22ஆம் திகதி தேசாதிபதி ஸ்டப்ஸின் உத்தரவு வந்தது: இரண்டு நாளில் நாட்டை விட்டுப் போக வேண்டும். அவன் போகவில்லை, ஒளிந்துகொண்டான். மே மாதம் காலிமுகத்திடலில் பெருங்கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்றான். பிடித்தார்கள். மே 18ஆம் திகதி உயர்நீதிமன்றம், பேசினான் என்பதற்காக ஒருவனை நாடு கடத்த முடியாது என்று விடுதலை செய்தது. ஒரு சின்னப் பேச்சுக்கு இவ்வளவு பாடு! துரைமார் நம்மைவிடப் பேச்சின் பெறுமதியை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

அந்தக் கைகாட்டலை நாமும் எடுத்துக்கொள்ளலாம். வீட்டுப் பிரச்சினையைப் பற்றிப் பேசுவதானால் லயத்தின் ஒழுகுகிற தகரத்துக்குக் கீழே நின்று பேசுங்கள். தண்ணீரைப் பற்றியானால் பீலிக்கரையில். மண்டபம் பிடித்து, கொடி கட்டி, கதிரை போட்டால்தான் கூட்டம் என்று இல்லை.

இதற்குப் பின்னால் வந்த காலத்தில் நம் மேடைகளுக்கு இன்னொரு காற்று அடித்தது. தமிழ்நாட்டுத் திராவிட இயக்கத்தின் மேடைத் தமிழ். அண்ணாவின் பேச்சைப் பத்திரிகையில் படித்தோம். 1952இல் ‘பராசக்தி’ வந்தபோது கலைஞர் எழுதிய நீதிமன்ற வசனத்தை லயத்துக்கு லயம் மனப்பாடமாகச் சொன்ன அண்ணன்மார் இருந்தார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் சிலருக்கு இன்னும் மறந்திருக்காது, சிரிப்பைப் பார்த்தாலே தெரிகிறது. அதைக் குறைத்துப் பேச மாட்டோம். கூலி என்று கூப்பிடப்பட்ட சனத்துக்கு, தன் மொழி இவ்வளவு கம்பீரமானது என்று காது வழியாகச் சொல்லித் தந்தது அந்தத் தமிழ்தான். நிமிர்ந்து நிற்க வைத்தது.

ஆனால் நிமிர்ந்து நின்ற பிறகு என்ன? ‘மலையக மண்ணின் மானமிகு மறவர்களே’ என்று மானாவில் தொடங்கி மானாவில் முடிக்கும் பேச்சு காதுக்குக் குளிர்ச்சி. ஒப்பீசில் துரைக்கு முன்னால் நிற்கும்போது அதில் ஒரு வரிகூடக் கைகொடுக்காது. இரண்டு கிலோ ஏன் குறைத்தீர்கள் என்று கேட்பதற்கு அடுக்குமொழி வேண்டாம். அதை மே தினத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் ஒரு நாள் வேண்டும்தானே.

இப்போது அக்காமாருக்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துப் பேச வேண்டும்.

கொழுந்து எடுப்பவர்களில் மிகப் பெரும்பான்மை பெண்கள். சந்தா கட்டுவதிலும் அப்படித்தான். கூட்டத்தில் பேசுபவர்களை எண்ணிப் பாருங்கள். ஏன் என்று கேட்டால், “அவங்களுக்குப் பேச வராது, கூச்சம்” என்று ஆண் தலைவர்கள் சொல்கிறார்கள். அக்காமாரும் அதையே சொல்கிறார்கள். நாங்கள் இதை நம்புவதில்லை. சாவு வீட்டில் பாருங்கள். செத்தவரின் தலைமாட்டில் உட்கார்ந்து அரை மணித்தியாலம் ஒப்பாரி வைக்கிற அக்காவின் கையில் காகிதம் இருக்கிறதா? செத்தவர் எங்கே பிறந்தார், எந்த மலையில் எத்தனை வருஷம் பேர் போட்டார், யார் அவரை ஏமாற்றினார்கள், யாருக்கு என்ன கடன் வைத்துவிட்டுப் போகிறார் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காக வரும். யார் காதில் விழ வேண்டுமோ அவர் வாசலில் நுழையும்போது சரியாக அந்த வரி வரும்! எங்கே குரலை உயர்த்த வேண்டும், எங்கே நிறுத்தி மூக்கைச் சிந்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அண்ணன்மாரும்தான். காமன் கூத்தில் ரதி மதன் வேஷம் கட்டி மைக் இல்லாமல் விடிய விடிய பொட்டலில் நின்று பாடுகிறவர், கூட்டத்தில் இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னால் நெளிகிறார்.

ஆகவே பேச்சு இருக்கிறது. கூட்டத்தின் அமைப்புத்தான் அதை அடைக்கிறது. மாலை ஐந்து மணிக்குக் கூட்டம் என்றால் அக்காமார் அடுப்பைப் பற்ற வைக்கும் நேரம். ஆறு மணிக்கு வந்து பின்னால் நிற்பார்கள். தலைமையுரை, வரவேற்புரை, சிறப்புரை எல்லாம் முடிந்து, “யாராவது பேச விரும்பினால் பேசலாம்” என்று சொல்லும்போது இருட்டி, பிள்ளை அழத் தொடங்கியிருக்கும். பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்தில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், இருபது நிமிடத்துக் கூட்டம் வைத்துப் பாருங்கள். தலைவர்களைக் கடைசியில் பேச விடுங்கள். நாங்கள் அப்படி வைத்த இடங்களில் பேச்சு நின்றதே இல்லை, நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது.

ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். கொழுந்து நிறுவையில் கழிவு அதிகமாகப் பிடிக்கிறார்கள் என்று முறைப்பாடு. மழைக்காலம், ‘தண்ணிக்கு’ என்று ஒரு கழிவு, ‘படங்குக்கு’ என்று ஒரு கழிவு. ஒப்பீசில் பேச்சுவார்த்தை. நம் பக்கத்தில் நாலைந்து பேர், அனுபவப்பட்டவர்கள். எப்போதும்போல அநியாயம், அடக்குமுறை, பரம்பரை பரம்பரையாக என்று பேச்சுத் தொடங்கியது. துரை நாற்காலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பேச்சை அவர் பல தடவை கேட்டிருப்பார், அவருக்கு அது மழைச் சத்தம் மாதிரி. அப்போது கூட வந்திருந்த ஒரு அக்கா, மகளின் பழைய பயிற்சிக் கொப்பி ஒன்றை எடுத்தார். “ஐயா, திங்கக்கெழம நான் மூணு நிறுவ போட்டேன். காலைல 7, பகல்ல 9, அந்திக்கு 6. கூட்டினா 22. எனக்கு எழுதினது 19. செவ்வாக்கெழம…” என்று பத்து நாள் வாசித்தார். வேறு எதுவும் சொல்லவில்லை. கடைசியில் ஒரே கேள்வி: “தண்ணிக்கு மூணு கிலோன்னா, மழை பெய்யாத வியாழக்கெழமயும் ஏன் மூணு கிலோ?”

துரை சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு நடந்த பேச்சுவார்த்தை முழுக்க அந்தக் கொப்பியைப் பற்றியது. கழிவு முழுதாக நிற்கவில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் மழையில்லாத நாளில் பிடிப்பது நின்றது, நிறுக்கும்போது நம் ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்கலாம் என்றும் ஒத்துக்கொண்டார்கள்.

அந்த அக்கா பேசியதைப் பிரித்துப் பார்த்தால் நமக்கு வேண்டிய பாடம் அதிலேயே இருக்கிறது. எந்த நாள், எவ்வளவு, யார் எழுதியது, நாங்கள் கேட்பது என்ன. தொழில் திணைக்களத்து விசாரணையிலும் தொழில் நியாயசபையிலும் இதைத்தான் கேட்பார்கள். அங்கே போய் “ரொம்ப நாளா இப்பிடித்தான் ஐயா” என்று சொன்னால் எழுதுகிறவர் பேனையைக் கீழே வைத்துவிடுவார். திகதி சொன்னால் எழுதுவார். கொப்பி எழுதுகிற பழக்கம் இல்லாமல் நல்ல பேச்சு வராது. இதைப் பள்ளிக்கூடக்காரர் என்பதால் சொல்லவில்லை, சரி, கொஞ்சம் அதனாலும்தான்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. மேடை ஏறியவுடன் ‘நாங்க’ ‘நாங்களாகிய யாம்’ ஆகிவிட வேண்டியதில்லை. பிரட்டு, பேர், அரைப்பேர், மலை, மடுவம், ஸ்டோர் – இவை நம்முடைய தொழிலின் சொற்கள், நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் பழகிய சொற்கள். அவற்றைச் சொன்னால் கேட்பவருக்குச் சட்டென்று புரியும். அதே நேரம் சட்டத்தில், கடிதத்தில் வரும் சொல்லையும் ஒரு தடவை பக்கத்தில் வைத்துச் சொல்லுங்கள். ‘ஈ.பி.எப்., அதாவது ஊழியர் சேமலாப நிதி’ என்று. கடிதம் வரும்போது அவர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள். சிங்களம் பேசத் தெரிந்தவர்கள் பேசுங்கள், நல்லது. கண்டியில் அது இல்லாமல் சந்தைக்கும் போக முடியாது. ஆனால் பொலிசிலோ பிரதேச செயலகத்திலோ தெரியாத மொழியில் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழி. “தமிழ்ல எழுதித் தாங்க” என்று அமைதியாக, மரியாதையாக, இரண்டாவது தடவையும் கேட்பதற்குப் பழகிக்கொள்ளுங்கள். அதுவும் பேச்சுப் பயிற்சிதான்.

அடுத்தது வாக்குக் கொடுப்பது. இதில் நம் மேடைகள் சனத்தின் நம்பிக்கையோடு விளையாடியிருக்கின்றன, எந்தச் சங்கம் என்று இல்லை. 1,000 ரூபா என்ற கோஷம் மேடையில் எழும்பிப் பல வருஷம் கழித்து 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் வந்தது. 2024 மே தினத்தை ஒட்டி 1,700 என்று அறிவிப்பு வந்தது, பட்டாசும் வெடித்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளமாக நின்றது 1,350. நடுவில் அந்த நாலைந்து மாதமும் கடையில் 1,700ஐ நம்பிக் கடன் வாங்கியவர்கள் உண்டு. பேசுகிறவர் இதைப் பிரித்துச் சொல்ல வேண்டும்: நாம் கேட்பது இது, அரசாங்கம் அறிவித்தது இது, வர்த்தமானியில் வந்தது இது, கையில் வந்தது இது. நாலும் ஒன்றல்ல. இப்படிச் சொன்னால் கைதட்டல் குறையும், ஒத்துக்கொள்கிறோம். கேள்வி வந்து பதில் தெரியாவிட்டால், “தெரியாது, வெள்ளிக்கிழமைக்குள்ள கேட்டு வந்து சொல்றோம்” என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை போய்ச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் உங்கள் குரலுக்கு எடை கூடியிருக்கும்.

பயத்தைப் பற்றித்தான் தம்பி தங்கைமார் அதிகம் கேட்கிறீர்கள். கை நடுங்குகிறது, நாக்கு வரள்கிறது. காந்தி லண்டனில் படித்த காலத்தில் சைவ உணவுக்காரர்களின் சங்கத்தில் தான் எழுதிக்கொண்டு போனதையே வாசிக்க முடியாமல் நின்றதை அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பம்பாயில் முதல் வழக்கில் எழும்பி நின்று கேள்வி கேட்க வராமல் உட்கார்ந்துவிட்டார். தன் வாழ்க்கையின் முதல் பொதுப் பேச்சு என்று அவர் சொல்வது தென்னாபிரிக்காவில் பிரிட்டோரியாவில் பேசியது. அங்கே போன பிறகு தன் சனம் படுகிற பாட்டைப் பார்த்தார், விஷயத்தை விசாரித்துக்கொண்டு போய்ப் பேசினார், வாய் திறந்தது. அந்த மனிதர்தான் 1927 நவம்பரில் கண்டிக்கும் நம் மலைப் பக்கத்துக்கும் வந்து பேசினார். சொல்ல விஷயம் நெஞ்சில் முட்டிக்கொண்டு இருந்தால் கை நடுங்கினாலும் பரவாயில்லை. கையில் கொப்பி ஒன்று பிடித்துக்கொள்ளுங்கள், நடுக்கம் தெரியாது.

போனில் உங்கள் பேச்சைப் பதிந்து கேளுங்கள். முதல் தடவை யாருக்கும் தன் குரல் பிடிக்காது, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முதல் பெயரும் முதல் இலக்கமும் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று பாருங்கள். வணக்கம் சொல்லியே ஐந்து நிமிடம் போகிறதா என்று பாருங்கள். மேடையில் இருப்பவர் எல்லோருடைய பெயரையும் பட்டத்தோடு சொல்கிற வழக்கத்தை ஒழிக்க முடியாது என்று தெரியும், சண்டை வரும். ஆனால் தலைவர் ஒருவர் சொன்னால் போதும், ஏழு பேரும் சொல்ல வேண்டாமே. மைக்கை வாயோடு ஒட்டிப் பிடிக்க வேண்டாம், ஒரு சாண் தள்ளி. மைக் இருக்கும்போது கத்தவும் வேண்டாம், அது மின்சாரத்தில் ஓடுகிறது. பதிவை உங்கள் வீட்டில் பத்து வயதுப் பிள்ளை ஒன்றுக்குப் போட்டுக் காட்டி, என்ன விளங்கியது என்று கேளுங்கள். பிள்ளைகள் முகம் பார்த்துப் பொய் சொல்லாது.

பேசி முடித்தால் உடனே எழும்பிப் போக வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் கலைகிற நேரம்தான் உண்மையான கூட்டம். மைக்கில் கேட்காத கேள்வியை அப்போதுதான் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: “எங்க அப்பாவோட ஈ.பி.எப். இன்னும் வரல்லியே, யாரப் பார்க்கணும்?” வேன் காத்திருக்கிறது என்று நாம் கிளம்பிவிட்டால், அந்தக் கேள்வி இன்னும் ஒரு வருஷம் லயத்திலேயே இருக்கும்.

பேச்சைப் பற்றி இதற்கு மேல் பேசுவது நியாயம் இல்லை. மணி இரண்டே முக்கால். நாலரைக்குத் தெல்தோட்டை பஸ். இப்போது ஒவ்வொருவரும் எழும்பி மூன்று நிமிடம் பேச வேண்டும். போன மாதம் உங்கள் தோட்டத்தில் நடந்த ஒரே ஒரு விஷயம்: எந்த நாள், யாருக்கு, எவ்வளவு, நாம் என்ன கேட்கிறோம். பக்கத்தில் இருப்பவர் போனில் பதியுங்கள். மூன்று நிமிடம் முடிந்தால் மணி அடிப்போம், பள்ளிக்கூட மணியைக் கையோடு கொண்டுவந்திருக்கிறோம். ஆரம்பிப்பது முன்வரிசை அல்ல. அதோ, கடைசியில் யன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற பச்சைச் சேலை அக்கா, நீங்கள் முதலில் வாருங்கள்.